மேல்மாடி அனெக்ஸ், தனி மீற்றர், ஒரு கையெழுத்து

திருகோணமலை நகரத்துக்குள் நடந்து போகும் தூரத்தில் சின்ன வீடு தேடுவோரின் கேள்விகளுக்கு, நகரத்தில் தொழில் செய்யும் சட்டத்தரணியும் நொத்தாரிசுமான ஒருவர் பதில் தருகிறார். இம்முறை குறிஞ்சாக்கேணி, கிண்ணியாப் பக்கத்துக் கடிதங்களே அதிகம்.

கேள்வி: நகரத்துப் பாடசாலை ஒன்றுக்கு இடமாற்றம் கிடைத்திருக்கிறது. கணவர் வெளிநாட்டில். இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும். பாலையூற்றுப் பக்கம் இரண்டு அறையும் முற்றமும் உள்ள வீடு ஒன்று இருக்கிறது. ஏகாம்பரம் வீதிக்கு உட்புறமாக ஓர் அறை, குசினி, பாத்றூம் கொண்ட மேல்மாடி அனெக்ஸ் ஒன்றும் இருக்கிறது. வாடகை எட்டாயிரம் ரூபா கூட. சின்ன இடத்துக்குக் கூடக் காசா என்று உம்மா ஏசுகிறார். எதை எடுப்பது?
– ஆசிரியை, குறிஞ்சாக்கேணி

பதில்: அனெக்ஸை எடுங்கள். உம்மாவுக்கு இந்தக் கணக்கைக் காட்டுங்கள். நீங்கள் மூன்று பேரும் காலையில் போய்ப் பின்னேரம் திரும்ப ஓட்டோவுக்கு நாளொன்றுக்கு நானூறு ரூபா என்று குறைத்தே வைப்போம். மாதம் இருபது பள்ளி நாள். எட்டாயிரம் அங்கேயே போய்விட்டது. சந்தை, மருந்துக்கடை, பிள்ளையின் பின்னேர வகுப்பு எதுவும் இதில் இல்லை. வாடகையை மட்டும் ஒப்பிட்டு வீடு பிடிப்பவர்கள் ஓட்டோக்காரருக்கும் சேர்த்து வாடகை கட்டுகிறார்கள்.

நகரத்தின் பழைய பகுதி உட்துறைமுகத்துக்கும் டச்சுக்குடாவுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கிறது. பஸ் நிலையம், சந்தை, பெரிய பாடசாலைகள், வங்கிகள் எல்லாம் அந்த ஒடுக்கத்துக்குள்தான். விரிவதற்கு நிலம் இல்லாததால் வீடுகள் மேலே எழும்பின. மேல்மாடி அனெக்ஸ் என்ற சரக்கு அப்படித்தான் உருவானது. அதற்குக் கேட்கும் கூடுதல் காசு, எல்லாம் காலடியில் இருப்பதற்கான காசு.

ஆனால் "பாடசாலைக்கு ஐந்து நிமிடம்" என்று வீட்டுக்காரர் சொல்வதை எடுத்துக்கொள்ள வேண்டாம். எல்லா வீட்டுக்காரரும் ஐந்து நிமிடம்தான் சொல்வார்கள். பகல் ஒன்றரை மணிக்குப் பள்ளி விடும் நேரத்தில் பிள்ளைகளோடும் பைகளோடும் நீங்களே நடந்து பாருங்கள். நிழல் எங்கே, வீதியைக் கடக்கும் இடம் எங்கே, எந்த ஒழுங்கையில் நாய்கள் என்பதெல்லாம் அந்த ஒரு நடையில் தெரிந்துவிடும். கார்த்திகை, மார்கழி மழையில் அந்த ஒழுங்கையில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று எதிர்வீட்டாரைக் கேளுங்கள். மதிலின் அடியில் பாசிக்கோடு இருந்தால் கேட்கவும் வேண்டியதில்லை.

பள்ளிக்கூட வழி எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்கள் ஊருக்கு நான் சொல்ல வரவில்லை. புதுப்பாலம் கட்டுவதற்காகப் பழையதை அகற்றிவிட்டு, இழுவைப் படகில் சனத்தை ஏற்றி, 2021 நவம்பர் 23 காலையில் பள்ளிக்குப் புறப்பட்ட பிள்ளைகளையும் பறிகொடுத்த ஊர் அது. அதற்குப் பிறகு குறிஞ்சாக்கேணியில் இருந்து என்னிடம் வரும் தாய்மார் அறையின் அளவைக் கேட்பதற்கு முன்னர் வழியைக் கேட்கிறார்கள். அவர்கள் கேட்கும் ஒழுங்குதான் சரி.

கேள்வி: மூன்று மாதமாக வாடகைக்குப் பற்றுச்சீட்டு கேட்கிறேன். "எனக்கும் உமக்கும் நடுவில் எதுக்குச் சீட்டு" என்று சிரிக்கிறார். என்ன செய்ய?
– வங்கி ஊழியர், கிண்ணியா

பதில்: நீங்கள் வங்கியில் வேலை செய்கிறீர்கள். அவருடைய கணக்குக்கு அனுப்புங்கள், "இன்ன மாத வாடகை" என்று குறிப்பு எழுதுங்கள். இதற்கு ஏன் எனக்கொரு கடிதம்?

கேள்வி: இரண்டு வருடத்துக்கு வீடு எடுத்து, ஓராண்டு வாடகையை முற்பணமாகக் கொடுத்தேன். தட்டச்சுக் கடையில் ஒப்பந்தம் அடித்து, முத்திரை ஒட்டி, சமாதான நீதவான் ஒருவர் முன்னால் இருவரும் கையெழுத்து வைத்தோம். பத்து மாதம் போவதற்குள் அவர் வீட்டை விற்றுவிட்டார். வாங்கியவர் அடுத்த மாதமே எழும்பச் சொல்கிறார். இரண்டு வருட ஒப்பந்தம் என் கையில் இருக்கிறதே, நான் ஏன் எழும்ப வேண்டும்?
– கடைக்காரர், பெரியகடை

பதில்: உங்கள் கையில் இருப்பது இரண்டு வருட ஒப்பந்தம் அல்ல. இதை எத்தனை பேருக்குத்தான் சொல்வது!

1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச்சட்டம் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை எதுவும் நொத்தாரிசு ஒருவர் முன்னிலையில், இரண்டு சாட்சிகளும் அதே நேரத்தில் கூட இருக்க, கையெழுத்திடப்பட வேண்டும் என்று அது சொல்கிறது. அப்படிச் செய்யாதது சட்டத்தின் கண்ணில் குத்தகையே இல்லை. ஒரு மாதத்துக்கு மேற்பட்டது என்றால் இரண்டு மாதமும்தான், இரண்டு வருடமும்தான். சமாதான நீதவான் நல்ல மனிதராக இருக்கலாம், ஊரில் மரியாதை உள்ளவராக இருக்கலாம், அவருடைய இறப்பர் முத்திரை அழகாகவும் இருக்கலாம். அவர் நொத்தாரிசு அல்ல. சட்டத்தரணிகள் எல்லோரும்கூட நொத்தாரிசு அல்ல, கேட்டுவிட்டுப் போங்கள்.

ஆகவே உங்கள் நிலை இதுதான். நீங்கள் குடியிருந்து வாடகை கொடுத்ததால் மாதவாடகைக் குடியிருப்பாளர். ஒரு மாத முன்னறிவித்தல் ஒழுங்காகத் தந்தால் உங்களுடைய மாதவாடகையை முடித்துவிடலாம். அதே ஒப்பந்தத்தை நொத்தாரிசு முன் எழுதி, காணிப் பதிவகத்தில் பதிந்திருந்தால் கதை வேறு. நம்முடைய பொதுச்சட்டம் ரோமன்–டச்சுச் சட்டம். விற்பனைக்கு முன்னர் செய்த குத்தகை, வாங்கியவரையும் கட்டும் என்பது அதில் பழைய விதி. வீட்டை யார் வாங்கினாலும் மிச்சக் காலத்துக்கு உங்களையும் சேர்த்துத்தான் வாங்கியிருப்பார். ஒல்லாந்தர் இங்கே விட்டுவிட்டுப் போனவற்றில் கோட்டையை மட்டும்தான் நாம் போய்ப் பார்க்கிறோம்.

"எல்லோரும் அப்படித்தான் சேர் எழுதுகிறார்கள்" என்பீர்கள். அந்தத் தட்டச்சுக் கடையின் கணினியில் ஒரு மாதிரிப் படிவம் கிடக்கிறது. பெயரையும் திகதியையும் மாற்றி ஊருக்கெல்லாம் அடித்துக் கொடுக்கிறார்கள். ஒரு படிவத்தில் "பிணக்குகள் சென்னை நீதிமன்றங்களின் நியாயாதிக்கத்துக்கு உட்பட்டவை" என்று இருந்தது. வீடு இருந்ததோ உப்புவெளியில். பதினொரு மாத ஒப்பந்தம் என்று ஒன்று நம் ஊரில் உலாவுவதும் அப்படி வந்ததுதான். இந்தியாவின் 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயம் பதிய வேண்டும். அதைத் தவிர்க்க அங்கே பதினொரு மாதம் எழுதுகிறார்கள். இங்கே எல்லை ஒரு மாதம். பதினொரு மாதம் எழுதி நீங்கள் எதையும் தவிர்க்கவில்லை, பத்து மாதத்தால் பிந்திவிட்டீர்கள்.

செலவைச் சொல்வார்கள். நொத்தாரிசு கட்டணம், முத்திரை வரி, பதிவுக் காசு எல்லாம் உண்டுதான். ஓராண்டு வாடகையை எண்ணிக் கையில் கொடுத்தவருக்கு அது பாரமா? வீட்டுக்காரர் விரும்பமாட்டார், வருமான வரிக்காரர் கண்ணில் படும் என்று பயப்படுவார் என்றும் சொல்வார்கள். பயப்படுகிறவரிடம் ஓராண்டு முற்பணம் கொடுக்காதீர்கள். மாதத்துக்கு மாதம் கொடுங்கள். அவருக்கு எவ்வளவு துணிவோ, உங்களுக்கும் அவ்வளவு துணிவு போதும்.

நொத்தாரிசிடம் போகும்போது இன்னொன்றையும் செய்யலாம். எழுதுவதற்கு முன்னர் காணிப் பதிவகத்தில் அந்த வீட்டின் பதிவேட்டைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். வீடு உண்மையில் அவருடைய பெயரிலா, வங்கிக்கு ஈடு வைக்கப்பட்டிருக்கிறதா, வழக்கு ஏதும் பதியப்பட்டிருக்கிறதா என்பது அதில் தெரியும். அண்ணன் வெளிநாட்டில் இருக்க, தம்பி வாடகை வாங்கிக்கொண்டிருக்கும் வீடுகள் இந்த நகரத்தில் நிறைய. தம்பியிடம் அற்றோணித் தத்துவம் இருக்கிறதா என்று கேட்டால் கோபித்துக்கொள்வார். கோபிக்கட்டும்.

பிள்ளையை முதலாம் ஆண்டில் சேர்க்கப் போகிறவர்களுக்கும் இதே கதைதான். வதிவிடத்தைக் காட்ட அதிபர் ஆவணம் கேட்பார். பதிந்த குத்தகைக்கு ஒரு பெறுமதி உண்டு, தட்டச்சுக் கடைத் தாளுக்கு இல்லை. வாக்காளர் இடாப்பில் பெயர் பதிவதற்கும் கிராம அலுவலரிடம் அதையே நீட்டலாம்.

உங்கள் விஷயத்தில் இனிச் செய்யக்கூடியது: புதிய உரிமையாளரிடம் சண்டைக்குப் போகாமல் பிள்ளைகளின் தவணை முடியும்வரை நேரம் கேளுங்கள். விற்றவரிடம் மிஞ்சிய முற்பணத்தை எழுத்தில் கேளுங்கள். குத்தகையாக நிற்காத அந்தத் தாள், காசு கைமாறியதற்குச் சான்றாக உதவும். அதைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள்.

கேள்வி: ஓர்ஸ் ஹில் பக்கம் கீழ்த்தளத்தில் இருக்கிறோம். வளர்த்த செடிகளை எல்லாம் மான்கள் வந்து தின்றுவிடுகின்றன. வீட்டுக்காரரிடம் வாடகையில் குறைக்கச் சொல்லிக் கேட்கலாமா?
– குடும்பத்தலைவி, திருகோணமலை

பதில்: மான்கள் உங்களுக்கு முன்னரே குடியிருப்பவை, முன்னறிவித்தல் கொடுத்தும் எழுப்ப முடியாது. வலை கட்டுங்கள். பொலித்தீன் பையை வெளியே போடாதீர்கள். அதையும் தின்றுதான் சாகின்றன.

கேள்வி: வீட்டுக்காரர் கீழே, நாங்கள் மேலே. மின்சார மீற்றர் ஒன்றுதான். கரண்ட் பில்லைச் சரிபாதியாகப் பிரிக்கிறோம். எங்களிடம் ஒரு குளிர்சாதனப் பெட்டியும் இரண்டு மின்விசிறியும். அவர்களிடம் ஏசி இருக்கிறது. இது நியாயமா?
– தாதி உத்தியோகத்தர், திருகோணமலை

பதில்: இல்லை. நீங்கள் நினைப்பதைவிடவும் அநியாயம்.

மின்சார சபையின் வீட்டுக் கட்டணம் படிப்படியாக ஏறுகிறது. மாதம் அறுபது அலகைத் தாண்டியவருக்கு முதல் அறுபதுக்கு ஒரு விலை, 61 முதல் 90 வரை ஒன்று, 91 முதல் 120 வரை இன்னொன்று, 121 முதல் 180 வரை அதைவிடக் கூட, அதற்கு மேல் போனால் இன்னும் கூட. இரண்டு வீடும் ஆளுக்கு எண்பது அலகு எரிக்கிறது என்று வையுங்கள். தனித்தனி மீற்றர் என்றால் ஒவ்வொருவரும் இருபது அலகுக்கு மட்டும் இரண்டாம் படி விலை கட்டுவார்கள். ஒரே மீற்றரில் கூட்டினால் நூற்றறுபது. அதில் நாற்பது அலகு நாலாம் படியில் போய் நிற்கும். ஒரு அலகும் கூட எரிக்காமல் இரண்டு பேரும் கூடக் கட்டுகிறீர்கள். நிலையான கட்டணமும் படிக்கேற்ப ஏறும். தண்ணீருக்கும் நீர் வழங்கல் சபை இதே படிமுறையைத்தான் வைத்திருக்கிறது.

தனி மீற்றர்தான் சரியான வழி. அதற்கு வீட்டுக்காரர் விண்ணப்பிக்க வேண்டும், மேல்மாடிக்குத் தனியாகச் சோலைவரி இலக்கம் இருந்தால் வேலை சுலபம். குடிபோகும் முன்னர் கேட்டிருந்தால் அவர் ஓடி ஓடிச் செய்திருப்பார். இப்போது கேட்டால் "பார்ப்போம்" என்பார். அதுவரை உங்கள் பக்கத்துக்கு ஓர் உப மீற்றர் பூட்டச் சொல்லுங்கள். மொத்தப் பில்லை மொத்த அலகால் பிரித்து, வரும் சராசரி விலையை உங்கள் அலகால் பெருக்கிக் கட்டுங்கள். சில வீட்டுக்காரர்கள் உப மீற்றரில் இருக்கும் அலகுக்கு மேல்படி விலையைப் போட்டு, மலிவான முதல் அறுபது அலகையும் தாங்களே வைத்துக்கொள்கிறார்கள். பில்லின் படத்தை மாதாமாதம் அனுப்பச் சொல்லுங்கள். அனுப்ப மறுத்தால் விடை தெரிந்துவிட்டது.

கேள்வி: கிண்ணியாவில் சின்ன வீடு ஒன்றை ஐந்து வருடத்துக்கு எடுக்க எண்ணுகிறேன். காணி பேமிட் காணி. "நொத்தாரிசிடம் போகத் தேவையில்லை, எனக்கும் பேமிட்தான், உங்களுக்கும் ஒரு கடிதம் தருகிறேன்" என்கிறார் சொந்தக்காரர்.
– மீன் வியாபாரி, குறிஞ்சாக்கேணி

பதில்: நொத்தாரிசிடம் போகத் தேவையில்லை என்று அவர் சொல்வதற்குக் காரணம், போனால் நொத்தாரிசு எழுதமாட்டார் என்பது. 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச்சட்டத்தின் கீழ் கிடைத்த அனுமதிப்பத்திரக் காணியைப் பிரதேச செயலாளரின் அனுமதி இல்லாமல் பிறருக்குக் குத்தகைக்குக் கொடுக்க முடியாது. கொடுத்தால் உங்களுக்கு உரிமை இல்லை, அவருடைய பேமிட்டுக்கே ஆபத்து. அவருக்குச் சொன்னால் நம்பமாட்டார். "முப்பது வருடமாக இருக்கிறேன்" என்பார். முப்பது வருடம் இருக்கலாம், கொடுக்க முடியாது.

வேறு வீடு பாருங்கள். இந்த வீடுதான் வேண்டும் என்றால் மாதவாடகைக்கு மட்டும் இருங்கள். முற்பணம் பெரிதாகக் கொடுக்காதீர்கள். உங்கள் காசில் ஒரு சுவர்கூட எழுப்பாதீர்கள்.

கேள்வி: தொலைபேசியில் "வீடு இருக்கு, வந்து பாருங்க" என்கிறார்கள். போய் நின்று என் பெயரைச் சொன்னதும் "இப்பதான் ஒருவர் முற்பணம் தந்துவிட்டுப் போனார்" என்கிறார்கள். ஒரே தெருவில் மூன்று வீட்டில் இந்தப் பதில். சட்டத்தில் இதற்கு வழி இல்லையா?
– அரச உத்தியோகத்தர், குறிஞ்சாக்கேணி

பதில்: உங்களுக்கு ஆறுதலாகச் சட்டம் எதையாவது காட்டலாம் என்று பார்த்தேன். அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரையின் மூன்றாம் பிரிவு, இனம், மதம், மொழி, சாதி, பால் காரணமாகக் கடை, உணவகம், ஹோட்டல், பொதுக்களியாட்ட இடம், தன் மத வழிபாட்டிடம் ஆகியவற்றுக்குள் நுழைய யாரையும் தடுக்கக் கூடாது என்கிறது. அந்தப் பட்டியலில் வாடகை வீடு இல்லை. ஹோட்டலில் ஓர் இரவுக்கு உங்களை மறுக்க முடியாது, மேல்மாடியில் ஓராண்டுக்கு மறுக்கலாம். என் தொழிலில் வெட்கப்படும் இடங்களில் இதுவும் ஒன்று.

இதை உங்களுக்கு மட்டும் நடப்பதாகவும் நினைக்க வேண்டாம். தமிழ்த் தெருவில் முஸ்லிமுக்கு வீடு இல்லை, முஸ்லிம் தெருவில் தமிழருக்கு இல்லை, சிங்களத் தெருவில் இருவருக்கும் இல்லை. மூன்று தெருவிலும் "எனக்குப் பிரச்சினை இல்லை, அக்கம்பக்கம்தான்" என்ற ஒரே வசனம். அந்த அக்கம்பக்கத்தைக் கேட்டால் அவர்களும் தங்கள் அக்கம்பக்கத்தைக் கைகாட்டுவார்கள்.

வேலைக்கு உதவுவது இதுதான்: அலுவலகத்தில் கூட வேலை செய்கிறவர் யாராவது தனக்குத் தெரிந்த வீட்டுக்காரரிடம் நேரே கூட்டிக்கொண்டு போகட்டும். முகம் தெரிந்த பின்னர் பெயர் கேட்கிறவர்கள் அதிகம் மறுப்பதில்லை. தொலைபேசியிலேயே பெயரையும் ஊரையும் சொல்லிவிடுங்கள். மறுப்பதானால் உங்கள் நடையாவது மிஞ்சும். சமையலைப் பற்றி மனத்தில் எதையாவது வைத்திருப்பவரிடம் அதை வாயால் சொல்ல வைத்து, ஒப்பந்தத்தில் எழுத வையுங்கள். மாட்டிறைச்சி சமைக்கக்கூடாது என்று எழுத்தில் இருந்தால் ஏற்பதா விடுவதா என்று நீங்கள் முடிவெடுக்கலாம். எழுதாமல் இருந்தால் முதல் பெருநாளன்று படியேறி வந்து சொல்வார்.

கேள்வி: டொக்யார்ட் வீதிப் பக்கம் மொட்டைமாடிக்குக் கீழே ஒற்றை அறை பார்த்தேன். மாசி மாதம் போய்ப் பார்த்தேன், நல்ல குளிர். காற்றும் வருகிறது. எடுக்கலாமா?
– துறைமுகத்தில் வேலை செய்யும் இளைஞர்

பதில்: மாசியில் இந்த நகரத்தில் எந்த அறைதான் குளிர் இல்லை தம்பி? வைகாசியில் கச்சான் காற்றுத் தொடங்கும். மேற்கே இருந்து வறண்டு சூடாக அடிக்கும், ஆவணி தாண்டும்வரை விடாது. மேற்குச் சுவரும் மேலே வெறும் கொங்கிறீற்றும் உள்ள அறையில், பகல் முழுக்கக் குடித்த வெயிலைக் கொங்கிறீற் இரவு முழுக்க உங்கள் மேல் கக்கும். விசிறி அந்தச் சூட்டைத்தான் சுற்றிச் சுற்றி அடிக்கும். பின்னேரம் நாலு மணிக்குப் போய் மேற்குச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். மொட்டைமாடியில் தகரப் பந்தலோ கிடுகோ போட வீட்டுக்காரர் சம்மதித்தால் எடுங்கள். ஏசி போடுவேன் என்றால் மேலே தாதிக்குச் சொன்ன கரண்ட் கணக்கைப் படியுங்கள்.

போனதும் யன்னல் கம்பிகளையும் பாருங்கள். கடற்காற்றில் துரு பிடிக்காத கம்பி இல்லை. ஆனால் கூரையின் அடியில் சிமெந்து உப்பி, உள்ளே இரும்பு தெரிந்தால் அது வேறு நோய். அந்த அறையை இலவசமாகத் தந்தாலும் வேண்டாம்.

கேள்வி: கீமணி என்று ஒரு தொகையும் அதற்கு மேல் ஓராண்டு முற்பணமும் கேட்கிறார்கள். மூன்று மாதத்துக்கு மேல் வாங்கக்கூடாது என்று சட்டம் இருப்பதாக நண்பர் சொல்கிறார்.
– வாசகர், கிண்ணியா

பதில்: நண்பர் பாதி படித்திருக்கிறார். 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் கீமணியைத் தடுக்கிறது, முற்பணத்தையும் மூன்று மாத வாடகைக்குள் நிறுத்துகிறது. ஆனால் பின்னால் வந்த திருத்தங்கள் 1980க்குப் பிறகு கட்டிய வீடுகளையும் வேறு பலவற்றையும் அந்தச் சட்டத்துக்கு வெளியே விட்டுவிட்டன. நகரத்தில் நீங்கள் பார்க்கும் அனெக்ஸ்களில் அநேகமானவை அதற்குப் பிந்தியவை. ஆக, பேரம்தான். முற்பணம் மாதாமாதம் கழிபடுமா, கடைசியில் திரும்புமா என்பதை எழுத வையுங்கள். இரண்டும் ஒன்றல்ல என்பது காசு கொடுத்த பிறகுதான் பலருக்குத் தெரிகிறது.

கேள்வி: மகளுக்குக் கோணேசபுரி வளாகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. முதல் முறை வீட்டை விட்டுப் போகிறாள். நகரத்தில் போடிங் வைப்பதா, நிலாவெளிப் பக்கம் வைப்பதா? இரவில் தூக்கம் வரவில்லை.
– தகப்பன், குறிஞ்சாக்கேணி

பதில்: மகள் தூங்கிவிடுவாள், கவலைப்பட வேண்டாம். பிள்ளைகள் இரண்டு கிழமையில் பழகிவிடுவார்கள். நீங்கள் பழக ஒரு தவணை ஆகும்.

வளாகத்துக்கு நடக்கும் தூரத்தில், மற்ற மாணவிகளும் இருக்கும் போடிங் ஒன்று கிடைத்தால் அதுதான். நகரத்தில் கடை கண்ணி உண்டு, ஆனால் தினமும் பஸ். பின்னேர விரிவுரை முடிந்து இருட்டில் திரும்ப வேண்டும். போடிங் பார்க்கப் போகும்போது மகளை முன்னால் நடக்கவிட்டு நீங்கள் பின்னால் போங்கள். இரவு ஏழு மணிக்கு ஒரு தரம் அதே வழியில் நடந்து, வீதி விளக்கு எரிகிறதா பாருங்கள். அறைக் கதவுக்கு உள்ளே தாழ்ப்பாள் வேண்டும். பாத்றூம் வீட்டுக்குள் வேண்டும், முற்றத்தின் கோடியில் அல்ல. வாடகை ஆளுக்கா அறைக்கா என்று கேளுங்கள்: அறைக்கு என்றால், ஒரு பிள்ளை விட்டுப் போனதும் மிச்சமிருப்பவர்கள் அவளுடைய பங்கையும் கட்ட வேண்டிவரும். விடுமுறை மாதங்களுக்கும் வாடகை உண்டா என்பதையும் கேளுங்கள்; தகப்பன்மார் கேட்க மறக்கும் கேள்வி இது.

அந்த வீட்டு அம்மாவிடம் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வாருங்கள். பத்து நிமிடத்தில் உங்களுக்கே தெரிந்துவிடும்.

கேள்வி: சுகாதாரப் பரிசோதகர் வந்து பின்வளவில் இருக்கும் உடைந்த தண்ணித் தாங்கியில் நுளம்புக் குடம்பி இருக்கிறது என்று எங்கள் பெயரில் எழுதிக்கொண்டு போனார். தாங்கி வீட்டுக்காரருடையது.
– குடியிருப்பாளர், கிண்ணியா

பதில்: தாங்கி அவருடையது, குடியிருப்பது நீங்கள். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடைச் சட்டம் சொந்தக்காரரோடு குடியிருப்பவரையும் பிடிக்கும். 2017இல் கிண்ணியா டெங்குவால் பட்ட பாட்டை மறந்துவிட்டீர்களா? இன்றைக்கே கவிழ்த்துவிடுங்கள். பிறகு வீட்டுக்காரரோடு சண்டை பிடியுங்கள்.

கேள்வி: மற்றக் கடிதங்கள் எல்லாம் வாடகைக்கு இருப்பவர்களுடையது. நான் வீட்டுக்காரன். ஒப்பந்தம் முடிந்து ஐந்து மாதம் ஆகிறது, ஆள் எழும்புவதாக இல்லை. தண்ணீரையும் கரண்டையும் வெட்டிவிட்டு, பூட்டை மாற்றலாம் என்று மருமகன் சொல்கிறார்.
– ஓய்வுபெற்றவர், உட்துறைமுக வீதி

பதில்: மருமகனை இந்த விஷயத்தில் இருந்து விலக்கி வையுங்கள். பூட்டை மாற்றினீர்கள் என்றால், அதுவரை உங்கள் பக்கம் இருந்த நியாயம் அன்றைக்கே கைமாறிவிடும். பலவந்தமாக வெளியேற்றப்பட்டவர் 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவின் கீழ் வருவார். இரண்டு மாதத்துக்குள் பறிக்கப்பட்டது என்று காட்டினால் போதும். வீடு யாருடையது என்று அந்த நீதிமன்றம் பார்க்காது, யார் இருந்தார் என்றுதான் பார்க்கும். அவரை நீதிமன்றமே மறுபடி உள்ளே இருத்திவிடும். அதன்பிறகு அவரை எழுப்ப உங்கள் வயது போதாது.

ஒப்பந்தம் எங்கே எழுதியது? நொத்தாரிசு முன் எழுதிய குத்தகை என்றால் உங்களுக்கு நல்ல காலம். குத்தகை முடிந்தும் விடாத இடத்தின் உடைமையை விரைவாக மீட்பதற்கென்றே 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் வந்திருக்கிறது. குத்தகை எழுதிய திகதியையும் தாளையும் கொண்டு வாருங்கள். அந்தச் சட்டம் உங்களுக்குப் பொருந்துமா என்று பார்ப்போம். தட்டச்சுக் கடைத் தாள் என்றால் முதலில் மாதவாடகையை முடிக்கும் முன்னறிவித்தலைப் பதிவுத்தபாலில் அனுப்ப வேண்டும், பிறகு மாவட்ட நீதிமன்றம், பிறகு பொறுமை. கடைக்காரருக்கு நான் எழுதிய நீண்ட பதில் வீட்டுக்காரர்களுக்கும்தான்.

இதற்கிடையில் அவர் தரும் வாடகையை வாங்காதீர்கள், அல்லது வாங்குவதற்கு முன்னர் என்னிடமோ வேறொருவரிடமோ கேளுங்கள். ஒப்பந்தம் முடிந்த பிறகு பேசாமல் வாங்கிய ஒவ்வொரு மாத வாடகையும் அவருக்குப் புதிய குடியிருப்பு கொடுத்ததாக வாதாட இடம் தரும். ஐந்து மாதமும் வாங்கிவிட்டீர்களா? அதையும் மறைக்காமல் உங்கள் சட்டத்தரணியிடம் சொல்லுங்கள். எதிர்த்தரப்பு எப்படியும் சொல்லும்.

கேள்வி: தரகருக்கு எவ்வளவு, எப்போது கொடுப்பது?
– பல வாசகர்கள்

பதில்: எவ்வளவு என்பதை வீடு பார்க்கப் போவதற்கு முன்னரே பேசிக்கொள்ளுங்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்தாகி, சாவி உங்கள் கையில் வந்து, குசினிக் குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பார்த்த பிறகு கொடுங்கள். "பார்க்கும் காசு" கேட்கிறவருக்குத் தேத்தண்ணி மட்டும் வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.